வலிய ஏற்கும் துன்பம்

துன்பத்தை விலக்கி இன்பத்தை நாடுவது உயிர்களின் இயல்பு. மழை வருமுன் எறும்பு மேட்டைத் தேடுகிறது. குளிருக்கு அஞ்சிப் பறவை வலசை போகிறது. மனிதன் ஒருவனே, வீட்டில் வெம்மையும் உணவும் இருக்க, அவற்றை விட்டுக் குளிரையும் களைப்பையும் தேடிச் செல்கிறான். இதனை வீரம் என்பதா, பேதைமை என்பதா, அன்றி வசதி படைத்தோரின் விளையாட்டு என்பதா?

இது ஏட்டளவில் நிற்கும் கேள்வியன்று. வடபுலத்தில் குடியேறி வாழும் நம் இல்லங்கள் பலவற்றில் கோடைதோறும் எழும் கேள்வி. மோட்டார் சைக்கிளில் லடாக் செல்ல வேண்டும் என்று மகன் கேட்கிறான். சில இல்லங்களில் மகளும் கேட்கிறாள். பெற்றோர் திகைத்து நிற்கின்றனர்.

அவர்கள் திகைப்பதற்குக் காரணம் உண்டு. மணாலியிலிருந்து லே நகருக்குச் செல்லும் சாலை நானூறு கிலோமீட்டருக்கு மேல் நீள்வது. 2020 அக்டோபரில் திறக்கப்பெற்ற அடல் சுரங்கப்பாதை, ரோதாங் கணவாயின் இடரைப் பெரிதும் நீக்கிவிட்டது. எனினும் அதற்கப்பால் பாராலாச்சா, லாச்சுலுங், தங்லாங் முதலிய கணவாய்கள் காத்திருக்கின்றன. தங்லாங் கணவாயின் உயரம் 5,300 மீட்டருக்கு மேல். அங்கே காற்றின் அழுத்தம் கடற்கரையில் உள்ளதில் ஏறத்தாழப் பாதிதான். பழைய கார்புரேட்டர் வண்டிகள் அங்கு மூச்சுத் திணறும், காற்றுக் குறைந்து, பெட்ரோல் மிகுந்து, கரும்புகை கக்கும், இழுவை குன்றும். ஓட்டுபவனின் நிலையும் ஏறத்தாழ அதுவே. காலையில் சிற்றோடையாக ஓடும் நீர், வெயிலில் பனி உருகப் பிற்பகலில் பெருகிச் சாலையை மறிக்கும். ஆதலின் வழி அறிந்தோர் விடியலிலேயே புறப்பட்டுவிடுவர்.

என் தமக்கையின் மகன் இப்பயணத்துக்கு அனுமதி கேட்டபோது, வழக்கு என்னிடம் வந்தது. "நீதான் தம்பி அவனுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும்" என்றார் தமக்கையார். அவனோ, "மாமா, தாத்தா இருபது வயதில் மொழி தெரியாத டெல்லிக்குத் தகரப்பெட்டியுடன் வந்து இறங்கினாரே, அதை எல்லோரும் வீரம் என்கிறீர்கள். நான் போனால் மட்டும் விபரீதமா?" என்று கேட்டான். எளிதில் தள்ளிவிடக்கூடிய வாதம் அன்று அது. சில நாட்கள் அதனையே எண்ணிக்கொண்டிருந்தேன்.

இரண்டிலும் குளிர் உண்டு, தனிமை உண்டு, அறியாத நிலம் உண்டு. வேறுபாடு எங்கே? என் தந்தையார் தம் வருகையை ஒருநாளும் வீரம் என்று சொன்னதில்லை. வயிற்றுப்பாடு என்றே சொல்வார். அவர்முன் இருந்த வழி ஒன்றே. மருமகன்முன் இருப்பனவோ பல. அவன் போகலாம், போகாமலும் இருக்கலாம், பாதி வழியில் திரும்பலாம். முன்னது வந்து சேர்ந்த துன்பம். பின்னது வலிய ஏற்கும் துன்பம்.

அதனால் பின்னது இழிவானது என்று சொல்ல மாட்டேன். தந்தையர் சேர்த்து வைத்த பாதுகாப்பு, மக்களைச் சோம்பலுக்கும் இட்டுச் செல்லலாம். துணிவுக்கும் இட்டுச் செல்லலாம். இரண்டாவது வழியில் ஒருவன் செல்வானாயின் அது முன்னோரின் உழைப்புக்கு அவமதிப்பு ஆகாது. ஆயின் அத்துணிவு அறமாவதற்குச் சில கடமைகள் உண்டு.

முதற்கடமை, திரும்பி வரும் மனம். உயரத்தில் வரும் நோய் ஆளைப் பார்த்து வருவதில்லை. உடல்வலிமை மிக்க இளைஞனையும் அது வீழ்த்தும். தலைவலி, குமட்டல், உறக்கமின்மை எனத் தொடங்கும்; முற்றினால் நுரையீரலில் நீர் கோக்கும், மூளை வீங்கும், உயிரையும் பறிக்கும். மூவாயிரம் மீட்டருக்கு மேல் சென்றபின், உறங்கும் இடத்தின் உயரத்தை நாளொன்றுக்கு ஐந்நூறு மீட்டருக்கு மேல் கூட்டலாகாது என்பது மருத்துவர் அறிவுரை. மணாலியின் உயரம் ஏறத்தாழ 2,000 மீட்டர். அங்குக் காலையில் புறப்பட்டு அன்றிரவே 4,200 மீட்டருக்கு மேலுள்ள சர்ச்சுவில் கூடாரத்தில் படுப்பவன், அவ்வறிவுரையை ஒரே பகலில் மீறிவிடுகிறான். நோய் முற்றினால் தலையாய மருந்து, தாமதியாது கீழே இறங்குவதே. அதற்குத் தடையாக நிற்பது பெரும்பாலும் சாலையன்று, நாணம். "என்னால் எல்லோருடைய பயணமும் கெடுமே" என்று தலைவலியை மறைப்பவன், தன் உயிரோடு தோழரின் உயிரையும் பணயம் வைக்கிறான். நள்ளிரவில் அவனைச் சுமந்து இறங்க வேண்டியவர் அவர்களன்றோ! அஞ்சத்தக்கதற்கு அஞ்சுவதை வள்ளுவரும் இகழவில்லை.

இரண்டாம் கடமை, சாலையைப் போட்டவரை நினைத்தல். 1960-இல் தோன்றிய எல்லைச் சாலைகள் அமைப்பு, இம்மலைவழிகளைப் பேணி வருகிறது. அதன் பணிகளில் கல் உடைப்போரும் தார் காய்ச்சுவோருமாகிய தொழிலாளர் பலர், ஜார்க்கண்ட் மாநிலத்துத் தும்கா பகுதியினின்றும் வருவோர். 2020 ஜூனில், கொரோனா முடக்கத்தின் இடையே, அவர்களுள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைத் தும்காவிலிருந்து தனி ரயில் ஏற்றிச் சென்றதை நாடறியும். பயணி ஒருநாளில் கடந்து செல்லும் கணவாயின் அருகே, முகத்தில் துணி சுற்றிக்கொண்டு, தார்ப்புகையின் நடுவே, அவர்கள் மாதக்கணக்கில் நிற்கின்றனர். பயணிக்கு எட்டாத மூச்சு அவர்களுக்கு மட்டும் எளிதில் எட்டிவிடுவதில்லை.

மருமகனின் வாதத்துக்கு விடை எனக்கு இங்கேதான் கிடைத்தது. மலையில் தன் தாத்தாவுக்கு ஒப்பானவரை அவன் தேடினால், வண்டியோட்டிகளின் கூட்டத்தில் காண முடியாது. தார்ப்பீப்பாயின் அருகில் நிற்பவரே அவர். மொழி புரியாத ஊருக்கு வயிற்றுப்பாட்டுக்காக வந்து, வீட்டுக்குப் பணம் அனுப்பும் மனிதர். அவரைப் புழுதி படியக் கடந்து சென்று, கணவாயின் உச்சியில் தன்னை வீரன் என்று கருதிக்கொள்பவன், தன் குடும்ப வரலாற்றையே அறியாதவன்.

மூன்றாவது, தற்பெருமையை அடக்குதல். இமயத்தில் வில்லைப் பொறித்த சேரனைப் பாடி மகிழ்ந்த மரபு நம்முடையது. இன்றைய வண்டியோட்டிகள் கணவாய்ப் பலகைகளில் தம் குழுக்களின் பெயர் பொறித்த தாள்களை ஒட்டி, எழுத்தே தெரியாதவாறு மறைத்துவிடுகின்றனர். லே நகருக்கு வடக்கே கார்துங் கணவாயின் பலகை 18,380 அடி என்று நெடுங்காலம் பறைசாற்றி வந்தது. முறையான அளவீடுகளோ ஏறத்தாழ 17,600 அடி என்றே காட்டின. பின்னர் அதனினும் உயரமான சாலைகளும் லடாக்கில் அமைந்துவிட்டன. எண்ணைக் கொண்டு பெருமை கொள்வோரின் நிலை இதுதான். எண் சரிந்தால் பெருமையும் சரியும். பனிக்காற்றில் தோழனுக்காக நின்றவனுக்கோ, பலகையில் எது எழுதியிருந்தாலும் இழப்பில்லை.

ஆகவே தமக்கையாரிடம், "தடுக்க வேண்டாம், அக்கா, லேயில் இரண்டு நாள் ஓய்வெடுத்து உடலைப் பழக்கிக்கொண்டு மேலே செல்லட்டும், தலைவலி என்றால் மறைக்க மாட்டேன் என்று வாக்குத் தரட்டும், அதன்பின் போகட்டும்" என்றேன். அவர் மனம் முழுதும் இசைந்தது என்று சொல்வதற்கில்லை. பெற்ற வயிறு அப்படித்தான் இருக்கும், இருக்கவும் வேண்டும். இளைஞனின் துணிவுக்கு வீட்டில் ஒருவர் அஞ்சிக்கொண்டிருப்பதும் ஒரு காவலே.

வலிய ஏற்கும் துன்பத்துக்குத் தனக்கெனப் பெருமை ஏதும் இல்லை. தேர்ந்தெடுக்கும் உரிமையின்றித் துன்புறுவோரைக் காணும் கண்ணை அது திறந்துவிடுமாயின், அப்போது அது பெருமைக்குரியதாகிறது. திறக்காதாயின், ஆயிரம் கிலோமீட்டர் ஓடினும் அது பெட்ரோல் செலவேயாகும்.