வைக்கோல் வண்டியும் வாவிக்கரையும்

ஜான் கான்ஸ்டபிள் 1821இல் காட்சிக்கு வைத்த ‘வைக்கோல் வண்டி’ ஓவியத்தில், ஸ்டூர் ஆற்று நீரில் வண்டி நிற்கிறது. தூரத்து வயலில் உழைப்போர் வெறும் புள்ளிகள். மறு ஆண்டே அந்தச் சஃபோக் மண்ணில் வேலையற்ற கூலிகள் சூடடிக்கும் இயந்திரங்களை உடைத்தனர். இரவில் தெரியும் தீயைப் பற்றி ஓவியரே நண்பருக்கு எழுதினார். ஆலை உடைமையாளரின் மகன் அவர். பின்னர் தீட்டிய ஆற்றுக்காட்சிகளிலும் அத்தீ இல்லை.

ஆயினும் அவ்வோவியத்தைப் பொய்யென்று ஒதுக்க நாம் உடன்படோம். மேகத்தையும் ஈரத்தையும் இத்துணை நேர்மையாகக் கண்டவர் சிலரே. அப்புள்ளிகளைப் பாராமல் ரசிக்கும்போதுதான் பொய் பிறக்கிறது. கல்லடிப் பாலத்தில் நின்று மட்டக்களப்பு வாவியின் அந்தியை வியக்கும் நாம், எதிரே வலை இழுப்பவனையும் அழகின் ஒரு கோடாகவே காண்கிறோம். அந்தி அவனுக்கும் தெரியும். ஆனால் வலை இன்னும் நீருக்குள் இருக்கிறது.