முதுகைப் பார்ப்பவர்கள்

திருத்தணி மலைக்கு 365 படிகள். டிசம்பர் 31 படிபூஜையில் பெண்கள் படிக்குப் படி குனிந்து மஞ்சள் பூசி, குங்குமம் வைத்துக் கற்பூரம் ஏற்றுகிறார்கள். முழங்கால் மடங்காமல், கை முன்னால் தொங்க அப்படிக் குனியும்போதுதான் முதுகெலும்பின் பக்கவளைவு பிடிபடும். லண்டன் மருத்துவர் வில்லியம் ஆடம்ஸ் 1865-ல் விவரித்த சோதனை அது. எலும்பு பக்கவாட்டில் வளைவதோடு முறுக்கியும் கொள்கிறது. நிமிர்ந்து நிற்கையில் ஒளிந்திருக்கும் விலா மேடு, குனிந்தால் ஒருபக்கமாக எழும்புகிறது.

*

ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுக்கும் பையன்களின் முதுகை ஊரே பார்க்கிறது. பெண்பிள்ளையின் முதுகு பின்னலுக்கும் துப்பட்டாவுக்கும் அடியில். பத்து வயதைத் தாண்டி உடம்பு கிடுகிடுவென்று வளரும் பருவத்தில்தான் வளைவும் கூடும். பெரிய வளைவு அதிகம் வருவதும் பெண்பிள்ளைகளுக்கே. அம்மா குளிப்பாட்டுவதை நிறுத்தியிருப்பதும் அந்த வயதில்தான்.

பிறகு யார் பார்ப்பது? ஜாக்கெட்டுக்கு அளவெடுக்கும் டெய்லர் அக்கா. "ஒரு தோள் எறங்கியிருக்கே பாப்பா." வீட்டில் உடனே புத்தகப்பை மேல் பழி விழும். பாவம், பைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பெரும்பாலான பிள்ளைகளுக்கு இது ஏன் வருகிறதென்று மருத்துவத்துக்கே தெரியாது.

*

கோணத்தை அளக்க வழி உண்டு. அமெரிக்கர் ஜான் காப் 1948-ல் சொன்ன முறைப்படி எக்ஸ்ரேயில் கோடு போட்டுப் பார்க்கிறார்கள். 10 டிகிரியிலிருந்து பக்கவளைவு என்று பெயர். வளரும் பிள்ளைக்கு 25-ஐத் தாண்டினால் பெல்ட்; 45, 50 என்றால் ஆபரேஷன் பேச்சு. ஆனால் அந்தப் பிள்ளை எந்தச் சட்டையைப் போடுவதை நிறுத்திவிட்டாள் என்பது எக்ஸ்ரேயில் விழாது.

அதற்காகத்தான் ஸ்பெயினில் ஹுவான் பாகோ குழுவினர் 2010-ல் ஒரு படத்தாளை வெளியிட்டார்கள். முதுகுப்புறம், குனிந்த நிலையில் தலைப்பக்கமிருந்து, முன்புறம் என மூன்று கோணங்கள்; ஒவ்வொன்றிலும் ஐந்து உருவங்கள். தன்னைப் போல் இருப்பதைப் பிள்ளையே தொட்டுக் காட்ட வேண்டும். கோணல் மிகுந்த படத்துக்கு 1, குறைந்ததற்கு 5. மூன்றின் சராசரிதான் மதிப்பெண். இப்படி வரும் எண் எக்ஸ்ரே கோணத்தோடு ஓரளவுக்கே ஒத்துப்போகிறது. அளவுகோலின் குறை என்று இதை நான் நினைக்கவில்லை. முழுக்க ஒத்துப்போனால் பிள்ளையை எதற்குக் கேட்க வேண்டும்?

*

என் மனம் அந்தத் தாளின் இரண்டாவது வரிசையிலேயே நிற்கிறது. குனிந்த தன் முதுகை யாரும் தன் கண்ணால் பார்த்ததில்லை. முதல் வரிசையும் கிட்டத்தட்ட அப்படித்தான். கண்ணாடி காட்டுவது மூன்றாவதை மட்டும். மற்ற இரண்டுக்கும் அவள் பிறர் கண்ணைக் கடன் வாங்குகிறாள்: அளவெடுத்த அக்கா, பின் பெஞ்சுத் தோழி, சித்தப்பாவுக்கு அனுப்ப அம்மா மொபைலில் எடுத்த படம். திருத்தணி 1960 வரை ஆந்திரத்தோடு இருந்த ஊர். ஒரே தோளைப் பற்றி ஒரே தெருவில் தமிழிலும் தெலுங்கிலும் பேச்சு வரும்.

*

கம்பனில் சிறுவன் இராமன் மந்தரையின் கூன் மேல் மண்ணுருண்டை அடித்தான். அவனுக்கு விளையாட்டு. அவள் மறக்கவில்லை, நாடே கை மாறியது. கூனும் பக்கவளைவும் வேறு வேறு. பள்ளிக்கூட வராந்தாவில் அந்தப் பேதமெல்லாம் யாரும் பார்ப்பதில்லை, இரண்டுக்கும் 'கூனி'தான்.

*

அந்தப் படத்தாளின் அடியில் ஒரு கேள்வியைச் சேர்க்கலாம் என்று தோன்றுகிறது, மதிப்பெண் இல்லாமல்: உன் முதுகைப் பற்றி உன்னிடம் முதலில் சொன்னது யார், என்ன சொன்னார்கள்? பதிலெழுத நாலு வரி இடம் விட்டால் போதும். அம்மா அப்போது அறைக்கு வெளியே இருக்கட்டும்.