நாலாக மடித்த வவுச்சர்

மொத்தம் 46 ரூபாய். பஸ்ஸுக்கும் ஜெராக்ஸுக்குமாக எங்கள் ஆபீஸ் அட்டெண்டர் கைக்காசு போட்டிருந்தார். வவுச்சரை நீட்டியபோது நான் ஃபோனில் இருந்தேன். “பெட்டி மேட்டர்ண்ணே, அப்புறம் பார்ப்போம்.”

“எந்தப் பெட்டி சார்?”

சிரித்துவிட்டேன். அவர் வவுச்சரை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். திரும்ப அதைக் கொண்டுவரவே இல்லை. அவர் ரிட்டயர் ஆகியே ஆறு வருஷம் ஆகிறது.

அந்த மடிப்புதான் போகமாட்டேன் என்கிறது. முதலில் பாதி, அதில் பாதி, கட்டைவிரல் நகத்தால் ஓர் இழுப்பு.

சின்ன வயதில் நான் அறிந்த பெட்டி, தெருமுனைப் பெட்டிக்கடைதான். நாலு கால்மேல் ஒரு மரப்பெட்டி. முன்பலகையைத் தூக்கி முட்டுக்கொடுத்தால் அதுவே நிழல். உள்ளே சம்மணமிட்டவருக்கு எழுந்திருக்காமலே எல்லா பாட்டிலும் எட்டும். கடன் கணக்கு கதவின் உள்பக்கம், சாக்பீஸில். அஞ்சு பைசா கடலைமிட்டாய்க்கும் அங்கே ஒரு கோடு உண்டு. இதைத்தான் இங்கிலீஷ் பேப்பர்கள் ‘பெட்டி ஷாப்’ என்கின்றன. பெட்டியால் வந்த பேர், அங்கே போனதும் சில்லறையாகிவிட்டது.

அந்த இங்கிலீஷ் ‘பெட்டி’ பிரெஞ்சிலிருந்து வந்தது. வெறும் ‘சின்ன’ என்றுதான் பொருள். இளக்காரம் பின்னால் ஒட்டிக்கொண்டது. எப்போதோ புரட்டிய சட்டப் புத்தகத்தில் ‘பெட்டி ட்ரீசன்’ என்று ஒன்று படித்தேன். இங்கிலாந்தில் அரசனைக் கொல்ல நினைத்தாலே பெருந்துரோகம். மனைவி கணவனையோ வேலைக்காரன் எஜமானனையோ கொன்றால் சிறுதுரோகம். 1351-இல் எழுதி, 1828 வரை சட்டத்தில் இருந்தது. அந்தச் ‘சின்ன’க் குற்றத்துக்குப் பெண்களுக்கான தண்டனை, 1790 வரை, தீயில் எரிப்பது. யார் கையில் அளவுகோல் இருந்ததோ!

இங்கேயும் ‘பெட்டி கேஸ்தான், ஃபைன் கட்டிட்டுப் போங்க’ என்று ஆறுதலாகத்தான் சொல்வார்கள். கோர்ட் வாசலில் ஒரு நாள் கூலியை விட்டவருக்கு அது எப்படிக் கேட்கும்?

இப்படி நியாயம் பேசும்போதே இன்னொன்று இடறுகிறது. 46 ரூபாய் அவருக்குப் பெரிய தொகை என்று நான் நினைப்பதும் மட்டம் தட்டுவதுதான். அவர் மகன் அப்போதே பெங்களூரில் நல்ல வேலையில் இருந்தான். பணத்துக்காக அவர் முகம் சுண்டியிருக்காது. சுண்டியதா என்றே நான் பார்க்கவில்லையே.

பழனி விபூதிப் பொட்டலத்தையும் அவர் அப்படித்தான் மடிப்பார், நகத்தால் இழுத்து. அதனால் அது கோபம் என்று அடித்துச் சொல்ல முடியவில்லை. நம்பர் என்னிடம் இருக்கிறது. கூப்பிட்டு எதைக் கேட்பது? இருபது வருஷம் ‘பெட்டி கேஷ்’ நோட்டை மேஜைக்கு மேஜை சுமந்தவர், “எந்தப் பெட்டி” என்று கேட்டது புரியாமலா, புரிந்தேதானா?