வராத நோயாளிக்கு ஓர் அரங்கு

குடலிறக்க அறுவைக்காக முந்தின இரவிலிருந்து வெறும் வயிற்றோடு காத்திருப்பவரிடம், பிற்பகலில் வந்து, "இன்னைக்கு இல்ல, அவசர கேஸ் வந்துடுச்சு" என்று சொல்வது பெரிய மருத்துவமனைகளில் புதிதல்ல. குடலில் ஓட்டை விழுந்து வந்தவருக்குச் சில மணி நேரமே அவகாசம் என்பதால், இருவரில் யார் முந்த வேண்டும் என்பதில் குழப்பமில்லை. சிக்கல் அதற்கு முன்பே தொடங்குகிறது. இன்னும் வந்து சேராத ஒருவருக்காக ஓர் ஆபரேஷன் தியேட்டரையும் மயக்க மருந்து நிபுணரையும் செவிலியர்களையும் பகல் முழுக்க ஒதுக்கி வைப்பது நியாயமா? அது சும்மா கிடக்கும் நேரத்தில், பட்டியலில் இருப்பவர்கள் சிலருக்கு அறுவை முடிந்திருக்குமே.

பிரிட்டனில், அறுவை நடந்து 30 நாட்களுக்குள் ஏற்பட்ட மரணங்களை மூன்று வட்டாரங்களில் ஆராய்ந்து 1987இல் ஓர் அறிக்கை வெளிவந்தது. இறந்தவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள், நோய் முற்றியவர்கள். ஆனால் பயிற்சி மருத்துவர்கள் மேற்பார்வையின்றித் தம் அனுபவத்துக்கு மீறிய அறுவைகளைச் செய்த நேர்வுகளும் அதில் தெரியவந்தன. பகலில் அரங்குகள் திட்டமிட்ட அறுவைகளால் நிறைந்திருந்தால் அவசர நோயாளி இரவுக்குத் தள்ளப்படுவார்; இரவில் மூத்த மருத்துவர் வீட்டில் இருப்பார். இந்த ஆய்வு வரிசையில் பின்னர் வந்த அறிக்கைகள் அவசரத்துக்கென்றே பகல்நேர அரங்கு வேண்டும், விடியும்வரை பொறுக்க முடியாததை மட்டுமே இரவில் தொட வேண்டும் என்று வற்புறுத்தின. அங்கே அத்தகைய அரங்கை இன்றும் அந்த ஆய்வின் பெயரால் 'செபாட்' அரங்கு என்றே அழைக்கிறார்கள்.

நிர்வாகிகளுக்கு இது கசக்கும். அரங்கு எத்தனை சதவீதம் பயன்பட்டது என்று அட்டவணை போடுபவர் கண்ணுக்கு, காலியான மேசை நஷ்டம்தான். தீயணைப்பு வண்டி நிலையத்தில் நிற்பதை யாரும் நஷ்டக் கணக்கில் எழுதுவதில்லை.

ஆனாலும் பட்டியலில் இருப்பவரின் கஷ்டத்தை லேசாக ஒதுக்க முடியாது. தினக்கூலிக்காரருக்கு ஒரு தள்ளிவைப்பு என்பது அவருடைய கூலி, துணைக்கு வந்தவரின் கூலி, மறுபடியும் பஸ் செலவு. குடலிறக்கம் இறுகிக்கொண்டால் அவரே நாளை அவசர நோயாளியாக வந்து நிற்பார். ஆகவே அரங்கை ஒதுக்குவது அவருக்கு எதிரானதல்ல. தனி அரங்கு இல்லாத இடத்தில்தான் ஒவ்வொரு அவசரமும் அன்றைய பட்டியலில் கைவைக்கிறது.

பணமில்லை என்ற பதிலும் இங்கே செல்லாது. மேற்கு வங்கத்தில் ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டவரை அரசு மருத்துவமனைகள் ஒன்றன்பின் ஒன்றாக இடமில்லை, வசதியில்லை என்று திருப்பி அனுப்பின. அந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல், உரிய நேரத்தில் அவசரச் சிகிச்சை தராதது அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையை மீறுவது என்றும், நிதிப் பற்றாக்குறையைக் காட்டி அரசு இக்கடமையிலிருந்து தப்ப முடியாது என்றும் தீர்ப்பளித்தது. இடமில்லாமல் போவது விதியல்ல. முன்கூட்டி ஒதுக்காததன் விளைவு.

அதனால் அரங்கை ஒதுக்குவதே நியாயம். அதோடு இன்னொரு விதியும் வேண்டும்: ஒருமுறை தள்ளிவைக்கப்பட்டவரை மறுமுறையும் தள்ளிவைக்க நேர்ந்தால், மூத்த மருத்துவரே படுக்கையருகே வந்து காரணம் சொல்லி, அடுத்த தேதியை எழுதிக் கொடுக்க வேண்டும்.