உரோம ஆடையும் தேவை என்ற அளவுகோலும்

உரோமத்துக்காக மிங்க், நரி போன்ற விலங்குகளைக் கூண்டில் வளர்த்துக் கொல்வதற்கு எதிரான வாதங்கள் பலவும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன: அந்த ஆடை மனிதருக்குத் தேவைதானா? யூத மதச் சட்டம் இக்கேள்வியை நேராக எதிர்கொள்கிறது. உயிர்களை வீணே துன்புறுத்துவதை அது விலக்குகிறது. உண்மையான தேவைக்கு அவற்றைப் பயன்படுத்த இசைகிறது. டெல் அவீவின் தலைமை ரப்பியாக இருந்த ஹயிம் டேவிட் ஹலேவி, 1992-இல் உரோம ஆடையைத் தேவையின் பக்கம் சேர்க்க மறுத்தார். அதே கதகதப்பை வேறு உடைகளும் தரும்போது கொலைக்கு நியாயம் இல்லை என்பது அவர் முடிவு.

ஆனால் எது தேவை என்பதை யார் வரையறுப்பது? நாகரிக ஆடைகளுக்கான உரோம விற்பனையை நாடு முழுவதும் முதலில் தடைசெய்தது இஸ்ரேல், ஆண்டு 2021. மதத்துக்கும் மரபுக்கும் அதில் விலக்கு உண்டு. ஹசிதிய யூதர்களில் மணமான ஆண்கள் சப்பாத் என்ற ஓய்வுநாளில் அணியும் ஷ்ட்ரைமல் என்ற உரோமத் தொப்பி இதனால் தப்பியது. அது வேதக் கட்டளை அன்று, கிழக்கு ஐரோப்பாவில் வேரூன்றிய வழக்கம். செயற்கை உரோமத்திலும் கிடைக்கிறது. வெயில் நாட்டில் கோட்டைத் தடுத்துத் தொப்பியை விட்டுவைப்பது எளிய தீர்வுதான்.

மதம் சாராத சட்டமும் இந்தச் சிக்கலுக்குத் தப்பவில்லை. 2000-இல் இங்கிலாந்து, வேல்சுக்கு இயற்றப்பட்ட சட்டம் பொது ஒழுக்கத்தின் பெயரால் உரோமப் பண்ணைகளை மூடியது. தடை 2003-இல் நடைமுறைக்கு வந்தது. உரோமத்துக்கென்றே கொல்வது தவறு, தோல் செருப்போ இறைச்சியின் உபபொருள் என்று தடையை ஆதரித்தவர்கள் வேறுபடுத்தினார்கள். இது அரைகுறை வாதம். தோல் விற்ற பணமும் இறைச்சித் தொழிலுக்கே போகிறது. செருப்பு எல்லார் காலிலும் இருக்கிறது, உரோமக் கோட்டு சிலர் தோளில் மட்டும்; கண்டனம் எந்தப் பக்கம் எளிது என்பது வெளிப்படை.

உரோம எதிர்ப்பு இயக்கத்துக்குள்ளும் பிளவு உண்டு. மிங்க் நீரோடு ஒட்டி வாழும் விலங்கு. 2001-இல் நேச்சர் இதழில் வெளியான ஆய்வில், பண்ணை மிங்குகள் நீச்சல் தொட்டியை அடைவதற்காகப் பளு ஏற்றிய கதவைத் தள்ளின. தொட்டியை மறித்தபோது, உணவை மறித்தால் ஏற்படும் அளவுக்கு அவற்றின் மன அழுத்த ஹார்மோன் உயர்ந்தது. அப்படியானால் தொட்டி கட்டிக்கொடுத்தால் போதுமா? துன்பத்தைக் கணக்கிடும் தத்துவவாதி பீட்டர் சிங்கரின் வழியில் அது பொருட்படுத்த வேண்டிய மாற்றம், முழு விடை அன்று. விலங்குக்குத் தன்னளவில் மதிப்பு உண்டு என்ற தத்துவவாதி டாம் ரீகனுக்குக் கூண்டின் வசதி பொருட்டே அன்று. பிறர் நலனுக்குக் கருவியாக வைத்திருப்பதே அநீதி. பண்ணையைச் சீர்திருத்தக் கோருவோரும் ஒழிக்கக் கோருவோரும் பிரிவது இங்கேதான்.

கொரோனா காலத்தில் மிங்க் பண்ணைகளிலும் தொற்று பரவ, அறவாதத்தின் இடத்தை நோய் பிடித்துக்கொண்டது. நெதர்லாந்து 2024-க்குக் குறித்திருந்த மிங்க் பண்ணைத் தடையை 2021-க்கு முன்னகர்த்தியது. டென்மார்க் 2020-இல் தன் மிங்குகள் அனைத்தையும் கொன்றொழித்தது. அங்கே விதித்த தடை தற்காலிகமானது. 2023-இல் மிங்க் வளர்ப்பு மீண்டும் அனுமதிக்கப்பட்டது.