உச்சியில் ஒரு செவி

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் ஏற்காடு. அதற்கும் மேலே, சுமார் 1,620 மீட்டர் உயரத்தில், சேர்வராயன் கோயில் மேடு. அங்கே நின்று பார்ப்பவருக்கு மலை முழுதும் காலடியில் கிடப்பதுபோலவே தோன்றும். இப்படி உயரமான ஓரிடத்தில் கம்பம் நட்டு ஆன்டெனா பூட்டினால், சுற்றியுள்ள எல்லா ஊருக்கும் கம்பியில்லாமலே நெட் கொடுத்துவிடலாம் என்ற எண்ணமும் வரும். அதில் பாதிதான் உண்மை.

மலையாளிப் பழங்குடி மக்களின் சிற்றூர்கள் பல, காப்பித் தோட்டங்களைத் தாண்டி, சரிவுகளிலும் பள்ளங்களிலும் இருக்கின்றன. நாலாபுறமும் பரப்பும் ஆன்டெனாவைப் பொறுத்தவரை, அது எட்டும் தூரத்தைக் கூட்டக் கூட அதன் அலை தட்டையாகும். மேலும் கீழும் பரவ வேண்டியதைக் குறைத்துக்கொண்டுதான் அது பக்கவாட்டில் நீள்கிறது. 3 கிலோமீட்டர் தள்ளி, 300 மீட்டர் கீழே ஒரு வீடு இருந்தால், உச்சியிலிருந்து ஏறத்தாழ 6 டிகிரி குனிந்துதான் அதைப் பார்க்க முடியும். மேல் கீழாக மொத்தம் 8 டிகிரி விரிவுள்ள அலையை நேராக வைத்தால், அடிவானத்துக்குக் கீழே 4 டிகிரியிலேயே அது பாதி வலிமைக்கு இறங்கிவிடும். அந்த வீட்டின் தலைக்கு மேலாக அலை போய்விடும்.

அதனால்தான் செக்டர் ஆன்டெனா. வட்டத்தை 60, 90, 120 டிகிரி என்று பங்கிட்டு, ஒவ்வொரு பங்குக்கும் ஓர் ஆன்டெனாவைத் தனியே வைத்து, வேண்டிய அளவு கீழே சாய்த்துப் பூட்டலாம். மூன்று போதுமா, நான்கு வேண்டுமா? வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, எவ்வளவு தூரம் அடிக்கும் என்பதுதான். அதை இரண்டாவதாகக் கேட்க வேண்டும் என்பேன்.

காரணம் இருக்கிறது. 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையின் பெரும்பகுதியை 2018இல் இந்தியா உரிமம் இல்லாத பயன்பாட்டுக்குத் திறந்துவிட்டது. கூடவே, ஆன்டெனாவிலிருந்து வெளியேறும் வீச்சுக்கு வரம்பும் வைத்தது. ஆற்றல் மிக்க ஆன்டெனாவைப் பூட்டினால் ரேடியோவின் சக்தியைக் குறைத்தாக வேண்டும். வெளியே போகும் குரல் வரம்புக்குள்தான் நிற்கும். ஆனால் கேட்பதற்கு எந்தச் சட்டமும் வரம்பு வைக்கவில்லை. காதுக்குப் பின்னால் உள்ளங்கையைக் குவித்து வைத்துக்கொள்வது போலத்தான் நல்ல செக்டர். அதன் உண்மையான ஆதாயம் கேட்பதில் இருக்கிறது. முதல் கேள்வியும் அதைப் பற்றியதாகவே இருக்க வேண்டும்.

உயரத்தின் தொல்லையும் இதே இடத்தில்தான். உச்சியில் நிற்கும் ஆன்டெனா சேலம் நகரத்து ரேடியோக்களின் இரைச்சலையும் சேர்த்துக் கேட்கும். அந்த இரைச்சலில் சரிவிலிருக்கும் வீட்டுக் கூரையின் சின்னக் கருவி அனுப்பும் பதில் அமுங்கிப்போகும். அகலமான 120 டிகிரி செக்டர் நகரத்தையும் சேர்த்து அள்ளும். குறுகியது, முதுகுப்புறம் கேளாதது, வீடுகள் இருக்கும் பக்கம் மட்டும் திரும்பியது, விலை கூடினாலும் அதுவே மேல்.

பனிமூட்டத்தால் நெட் போய்விட்டது என்பார்கள். 5 கிகாஹெர்ட்ஸில் பனி பெரிய தடையே இல்லை. நனைந்த இலைதான் தடை. காப்பிக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரங்கள் ஆண்டுதோறும் உயர்ந்துகொண்டே இருக்கின்றன. 5 கிலோமீட்டர் இணைப்பில் நடுவழியில் சுமார் 8 மீட்டர் ஆரத்துக்கு அலை பருத்திருக்கும். கண்ணுக்கு வழி தெரிந்தால் மட்டும் போதாது, அந்த இடத்தின் பெரும்பகுதி வெறுமையாக இருக்க வேண்டும்.

இன்னொரு சிக்கல் மனிதர்களைப் பற்றியது. சிக்னல் நலிந்த வீட்டுக்கு அதே செய்தியை அனுப்பக் கூடுதல் நேரம் பிடிக்கும். அந்த நேரம் மற்ற எல்லா வீடுகளின் பங்கிலிருந்தும் போகிறது. ஆகவே கடைசி வீட்டை வெட்டிவிட்டால் எல்லாருக்கும் வேகம் கூடும். கணக்குப்படி சரிதான். நியாயப்படி, அந்த வீட்டின் பக்கம் தனியாக ஒரு குறுகிய ஆன்டெனாவைத் திருப்புவதே சரி.

கேட்பதைச் சரிசெய்தே தொலைவை வென்றதற்குத் தேனியில் ஒரு முன்னுதாரணம் உண்டு. அரவிந்த் கண் மருத்துவமனையைச் சுற்றுவட்டார ஊர்களின் கண் பரிசோதனை மையங்களோடு பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மலிவான வைஃபை கருவிகளைக் கொண்டே இணைத்தார்கள். கிராமத்து நோயாளி வீடியோவில் மருத்துவரிடம் பேசினார். சாதாரண வைஃபை, அனுப்பியதும் பதிலுக்குக் கண நேரமே காத்திருக்கும். நெடுந்தூரத்தில் பதில் பிந்தி வர, போய்ச் சேரவில்லை என்று முடிவுகட்டி மறுபடி அனுப்பும். 2007இல் வெளியான அவர்களின் வைல்ட்நெட் ஆய்வு, பேசுவதற்கும் கேட்பதற்கும் நேரத்தை முறைவைத்துப் பிரித்தது. கருவியை மாற்றாமல், கேட்கும் ஒழுங்கை மாற்றியதிலேயே இணைப்புகள் பல மடங்கு தேறின.

சேர்வராயன் மலைக்கு மேலிருந்து சொல்லப்பட்டவை ஏராளம். சேலம் கலெக்டர் காக்பர்ன் காலத்தில், 1820களில், காப்பி வந்தது. பிறகு எஸ்டேட்டுகள், பங்களாக்கள், சுற்றுலா விடுதிகள். மலைக்காரர்களிடம் கேட்டுச் செய்தவை எத்தனை? ஓர் ஊரை இணைப்பது என்றால் அங்கே செய்தி போய்ச் சேருவது மட்டுமில்லை. அங்கிருந்து வரும் மெலிந்த குரல் இங்கே கேட்க வேண்டும். அது எவ்வளவு தொலைவிலிருந்து கேட்கிறதோ, அவ்வளவுதான் அந்தக் கம்பத்தின் எல்லை.

தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் ஃபைபர் கொண்டுசெல்வது மாநில அரசு நிறுவனமான டான்ஃபிநெட்டின் திட்டம். ஊராட்சி அலுவலகத்திலிருந்து சிற்றூர்வரை உள்ள கடைசிச் சில கிலோமீட்டர்களுக்கு மலையில் கம்பியில்லா வழியே பல இடங்களில் கைகொடுக்கும். அங்கே கம்பம் நடப்போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். செக்டருக்குப் பணம் கட்டும் முன் கடைசி வீட்டுக்குப் போங்கள். மழைக்காலத்தில் போங்கள். அந்த முற்றத்தில் நின்று உச்சியைப் பாருங்கள். நடுவில் நிற்கும் சில்வர் ஓக் இன்னும் ஐந்து ஆண்டில் எவ்வளவு வளரும் என்று அந்த வீட்டுக்காரரிடமே கேளுங்கள்.