கண்கட்டும் வாய்மையும்

சென்னையிலிருந்து திருச்சிக்குப் போகும் பெருவழியும் கடலூரிலிருந்து விருத்தாசலம் வழியாகச் சேலம் போகும் சாலையும் சந்திக்கும் ஊர் வேப்பூர். இத்தகைய ஊர்களில் பள்ளி ஆண்டுவிழாவோ, கோயில் திருவிழாவோ, மண்டபத்தில் நடக்கும் பிறந்தநாளோ எதுவானாலும், குழந்தைகளுக்கென்று ஒரு மேஜிக் ஷோ வைப்பது இன்று வழக்கமாகிவிட்டது. குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கும் நிகழ்ச்சிக்கு என்னென்ன சாமான்களைப் பெட்டியில் அடுக்குவது என்பது வித்தைக்காரருக்குத் தொழில் சார்ந்த கணக்கு. கடைசி வரிசைக்குத் தெரியுமா, பேருந்தில் ஏற்றிச் செல்ல முடியுமா, கொடுக்கிற கூலிக்குக் கட்டுப்படியாகுமா என்றுதான் அவர் யோசிப்பார். அந்தக் கணக்குக்குள் சமயவாதிகள் நெடுங்காலமாகக் கேட்டுவந்த கேள்வி ஒன்றும் ஒளிந்திருக்கிறது. பொய் தீது என்றால், ஒரு குழந்தையை மகிழ்விப்பதற்காக அதன் கண்ணை ஏய்க்கலாமா? ஏய்க்கலாம் என்பதே என் முடிவு. ஆனால் அந்த ஏய்ப்பு மேடையிலேயே பிறந்து மேடையிலேயே முடிய வேண்டும். அப்படி முடியுமா என்பதை வித்தைக்காரரின் நல்லெண்ணத்தைவிட, அவர் கையில் எடுக்கும் பொருளே பெரும்பாலும் தீர்மானிக்கிறது.

வாய்மை அதிகாரத்தில் வள்ளுவர் உண்மையை நடந்ததை நடந்தபடி சொல்வதோடு நிறுத்தவில்லை. பிறர்க்குத் தீங்கு விளைகிறதா என்பதையே அளவுகோலாக்குகிறார். குற்றமற்ற நன்மை தருமானால் பொய்க்கும் வாய்மையின் இடம் உண்டு என்கிறார். மேஜிக்கை ஆதரிப்போர் இந்த இடத்தில் வந்து நின்றுகொள்வது எளிது. சிரிப்புத்தானே விளைந்தது, தீங்கு என்ன என்று கேட்டுவிடலாம். பெரியவர்கள் மட்டும் பார்க்கும் மேடையானால் அந்த வாதம் போதும். சீட்டு வாங்கி உள்ளே வருகிறவர் ஏமாறுவதற்குச் சம்மதித்தே வருகிறார். காணாமல்போன நாணயம் கலைஞரின் கையிலோ சட்டையிலோ எங்கோ இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். குழந்தையின் நிலை வேறு. இன்னொருவர் மனத்தில் தவறான எண்ணம் இருக்கக்கூடும் என்பதைக் குழந்தைகள் ஏறத்தாழ நான்கு வயதில்தான் புரிந்துகொள்ளத் தொடங்குகிறார்கள் என்று விம்மர், பெர்னர் என்னும் உளவியலாளர்கள் 1983-இல் வெளியிட்ட ஆய்வும், அதை ஒட்டி வந்த பல ஆய்வுகளும் காட்டின. தாம் ஏமாற்றப்படுகிறோம் என்பதையே அறியாத வயதில் ஏமாறச் சம்மதிப்பது எப்படி? முதல் வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவை பெரும்பாலும் அந்த வயதுக் குழந்தைகளே. அவர்கள் தர முடியாத சம்மதத்துக்கு ஈடாகக் கலைஞர் ஒரு பொறுப்பை ஏற்க வேண்டும். நிகழ்ச்சி முடிந்து எழுந்துபோகும் குழந்தையின் மனத்தில் எந்தப் பொய் நம்பிக்கையும் தங்கிவிடாதபடி பார்த்துக்கொள்வதே அந்தப் பொறுப்பு.

இவ்வளவு கவலை எதற்கு, குழந்தைகளுக்கு மேஜிக்கே வேண்டாம் என்று விட்டுவிடலாமே என்று ஒருவர் கேட்கலாம். விட்டுவிட்டால் ஓர் அரிய கல்வியை இழப்போம். விருத்தாசலத்துக்குப் பக்கத்திலிருக்கும் பெண்ணாடத்தில் பிறந்தவர் சிவஞானபோதம் செய்த மெய்கண்டார். அவர் வழிவந்த சைவ சித்தாந்தம் மாயையை வெறும் பொய்த்தோற்றம் என்று தள்ளுவதில்லை. மாயை உள்பொருள், ஆணவ இருளில் கிடக்கும் உயிருக்கு விடியும்வரை உதவும் விளக்கு என்பது அதன் கொள்கை. அத்வைத மரபின் சங்கரர் பிரம்மசூத்திர உரையில் வாளும் கேடயமும் ஏந்திக் கயிற்றில் ஏறுவதாகத் தோன்றும் மாயாவியையும், தரையிலேயே நிற்கும் உண்மையான மாயாவியையும் வேறுபடுத்திக் காட்டுகிறார். இரு மரபுகளும் பல இடங்களில் மோதிக்கொண்டாலும், காட்சியை அப்படியே நம்பாதே, ஆராய்ந்து கொள் என்பதில் ஒன்றுபடுகின்றன. அருணந்தி சிவாச்சாரியார் சிவஞான சித்தியாரின் அளவைப் பகுதியில் இதுவோ அதுவோ என்று தடுமாறும் ஐயக்காட்சியையும், ஒன்றை வேறொன்றாகக் காணும் திரிபுக்காட்சியையும் விளக்குகிறார். மணிமேகலை ‘தேராது தெளிதல்’, அதாவது ஆராயாமலே முடிவுக்கு வருதல் என்பதையும் அறிவின் குற்றங்களுள் ஒன்றாக எண்ணுகிறது. கவிழ்த்த கிண்ணத்துக்குள் இருந்த பந்து அடுத்த கிண்ணத்துக்குள்ளிருந்து வரும்போது இந்தப் பாடத்தின் முதல் வரியைக் குழந்தை கற்கிறது: நான் பார்த்தேன் என்பதாலேயே அது நடந்துவிட்டது என்று ஆகாது. வாழ்க்கையில் இந்தப் பாடத்தைப் பலர் பணத்தை இழந்தபின்தான் கற்கிறார்கள். மேடையில் ஒரு கைதட்டலின் விலைக்கு அது கிடைத்துவிடுகிறது.

ஆனால் கிண்ணம் தரும் இந்தப் பாடத்தைத் திருநீறு தராது. வெறுங்கையிலிருந்து திருநீறு வரவழைப்பது, எலுமிச்சம்பழத்தை அறுத்து ரத்தம் வடியவைப்பது, தாயத்தை மந்திரித்து ஆளை மயங்கவைப்பது ஆகியவை உத்தி அளவில் கிண்ணத்துக்கும் பந்துக்கும் உறவுதான். சாம்பலைக் கஞ்சி விட்டு உருட்டிக் காயவைத்த வில்லையை விரலிடுக்கில் மறைத்துக்கொள்கிறார்கள். செம்பருத்திச் சாறு தடவிய கத்தியால் பழத்தை அறுக்கிறார்கள். சிக்கல் செய்முறையில் இல்லை. குழந்தையின் வீட்டில் கிண்ணத்துக்கு ஒரு பயன்தான் உண்டு. திருநீறோ பாட்டி காய்ச்சல் நேரத்தில் நெற்றியில் இட்டுவிடும் பொருள். மேடையில் அது காற்றிலிருந்து வருவதைப் பார்த்த குழந்தை, அரங்கை விட்டு வெளியே வந்த பிறகும் அந்தக் காட்சியைத் தன்னோடு எடுத்துச் செல்கிறது. நாளை அதே வித்தையைச் செய்து நோய் தீர்ப்பதாகச் சொல்லும் ஒருவன் எதிர்ப்பட்டால் நம்புவதற்கு மனம் தயாராக இருக்கும். சந்தை கூடும் ஊர்களில் பாம்பையும் கீரியையும் காட்டிக் கூட்டம் சேர்த்து, நடுவில் எழுந்து போனால் ரத்தம் கக்குவாய் என்று மிரட்டி, கடைசியில் தாயத்து விற்றவர்களின் வழி இதுதான். 1954-ஆம் ஆண்டின் மருந்துகள், மந்திர நிவாரணங்கள் குறித்த ஆட்சேபகரமான விளம்பரத் தடைச் சட்டமும் இந்தக் கோட்டைத்தான் கிழிக்கிறது. வித்தை காட்டுவதை அது தடுக்கவில்லை. தாயத்தும் மந்திரமும் நோய் தீர்க்கும் என்று விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது. ஆகவே கோயிலிலும் மருத்துவமனையிலும் பொருள் பெற்ற எதையும் குழந்தைகளுக்கான மேடைப்பெட்டியில் வைக்கக் கூடாது என்பதை முதல் விதியாகக் கொள்ளலாம்.

இதற்குப் பகுத்தறிவாளர் தரப்பிலிருந்து வலுவான மறுப்பு உண்டு. 1963-இல் அற்புதம் செய்து காட்டுபவருக்கு ஒரு லட்சம் இலங்கை ரூபாய் என்று அறைகூவிய ஆபிரகாம் கோவூரும், கோவை போத்தனூரில் வாழ்ந்து ‘இண்டியன் ஸ்கெப்டிக்’ இதழை நடத்திய பி. பிரேமானந்தும் திருநீற்றையும் கற்பூரத்தையுமே கையில் எடுத்தார்கள். தமிழகத்து ‘மந்திரமா, தந்திரமா’ நிகழ்ச்சிகளிலும் அவைதான் முதன்மைச் சாமான்கள். அவற்றை விலக்கச் சொன்னால் மூடநம்பிக்கைக்கு எதிரான கருவியைப் பிடுங்கியது ஆகாதா? ஆகாது. அந்த நிகழ்ச்சிகளில் வித்தையை அடுத்து விளக்கம் வருகிறது. வில்லை எங்கே இருந்தது என்று விரலை விரித்துக் காட்டுகிறார்கள். பார்த்தவர் மனத்தில் பொய் தங்குவதில்லை. தொழில்முறைக் கலைஞர் ரகசியத்தை வெளியிட மாட்டார், வெளியிடவும் வேண்டாம். ஒன்றைச் சொல்லாமல் வைத்திருப்பது வேறு, இல்லாததை உண்டென்று சொல்வது வேறு. இது தந்திரம் என்று ஒருவர் ஒப்புக்கொண்டுவிட்டால், எந்தத் தந்திரம் என்பதை அவர் தன்னோடு வைத்துக்கொள்ளலாம். ஆகவே விதியை இன்னும் துல்லியமாகச் சொல்லலாம்: விளக்கப்போகிறவர் திருநீற்றை எடுக்கட்டும், விளக்க முடியாதவர் கைக்குட்டையை எடுக்கட்டும்.

பக்தர் தரப்பிலிருந்து வரும் மறுப்பு வேறு வகை. எங்கள் புராணங்களே அற்புதங்களால் நிறைந்தவை, அவற்றையும் தந்திரம் என்கிறீர்களா என்று அவர்கள் கேட்பார்கள். இந்த வட்டாரத்திலேயே அதற்கு எடுத்துக்காட்டு உண்டு. திருமுதுகுன்றமாகிய விருத்தாசலத்தில் பெற்ற பன்னீராயிரம் பொன்னைச் சுந்தரர் மணிமுத்தாற்றில் இட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் என்று பெரியபுராணம் சொல்கிறது. அதை நம்புவதும் நம்பாததும் அவரவர் உரிமை. ஆனால் கதையில் பலர் கவனிக்காத பகுதி ஒன்று இருக்கிறது. ஆற்றில் இடுமுன் சுந்தரர் அந்தப் பொன்னில் சிறிது மாதிரிக்கு வெட்டி வைத்துக்கொள்கிறார். குளத்தில் எடுத்ததை அதனோடு உரைத்து மாற்றுப் பார்க்கிறார். குறைந்திருப்பது கண்டு மீண்டும் முறையிடுகிறார். இறைவனின் தோழரே இறைவன் தந்ததை உரைத்துப் பார்த்தது அந்நூலைப் பாடிய சேக்கிழாருக்கு இழுக்காகத் தோன்றவில்லை. பௌத்த மரபின் கேவட்ட சுத்தத்தில் புத்தர், சித்து காட்டி மக்களை ஈர்ப்பதை வெறுப்பதாகச் சொல்கிறார். நம்பாதவன் அதைக் காந்தாரி என்னும் மந்திர வித்தை என்று சொல்லிவிடுவான் என்பது அவர் காட்டும் காரணம். பார்வையாளருக்கு அற்புதமும் தந்திரமும் ஒரே மாதிரிதான் தெரியும் என்றால், தன் அற்புதத்தை மதிக்கும் பக்தர்தான் அதன் சின்னங்கள் தந்திர மேடைக்கு வருவதை முதலில் எதிர்க்க வேண்டும். இந்த இடத்தில் பக்தரும் பகுத்தறிவாளரும் ஒரே முடிவுக்கு வந்து சேர்கிறார்கள்.

பொய் நம்பிக்கையைப் போலவே அச்சமும் மேடையைத் தாண்டி வீட்டுக்கு வரக்கூடியது. பெண்ணை இரண்டாக அறுக்கும் வித்தையை 1921-இல் லண்டனில் செல்பிட் என்னும் வித்தைக்காரர் மேடையேற்றினார். அதன் பிறகு அது உலகம் முழுதும் பரவியது. வங்கத்து வித்தைக்காரர் பி. சி. சர்க்கார் 1956 ஏப்ரல் 9 அன்று பி.பி.சி.யின் பனோரமா நிகழ்ச்சியில் அதைச் செய்தபோது, அறுபட்ட பெண் எழுவதற்குள் நிகழ்ச்சி சட்டென்று முடிந்துவிட்டது. அவள் இறந்துவிட்டாளோ என்று கேட்டு பி.பி.சி.க்குத் தொலைபேசி அழைப்புகள் குவிந்தன. அழைத்தவர்கள் வளர்ந்தவர்கள், மேஜிக் என்று தெரிந்தே பார்த்தவர்கள். அவர்களுக்கே இப்படி என்றால் ஐந்து வயதுக் குழந்தைக்குக் கழுத்து வெட்டும் கருவியும் வாள் செருகும் பெட்டியும் என்ன செய்யும்? பிளேடு விழுங்குவது, ஊசி விழுங்குவது, நெருப்பை வாயில் போடுவது ஆகியவற்றில் அச்சத்தோடு இன்னோர் ஆபத்தும் சேர்கிறது. குழந்தை பார்த்ததைச் செய்துபார்க்கும். பிளேடு எல்லா வீட்டிலும் இருக்கிறது. காயத்தையும் வலியையும் போலியாகக் காட்டும் சாமான்கள், அவை எவ்வளவு புகழ்பெற்றவையானாலும், குடும்ப நிகழ்ச்சிக்கு உரியவை ஆகமாட்டா.

அடுத்தது உயிருள்ள ‘சாமான்’. புறாவும் முயலும் இல்லாமல் மேஜிக்கா என்று கேட்பார்கள். வெள்ளிக்கிழமைதோறும் ஆட்டுச்சந்தை கூடும் வேப்பூரில், ஒரு முயலுக்காகப் பரிவது போலித்தனம் என்றும் சொல்லக்கூடும். சந்தையைச் சற்றுக் கூர்ந்து பார்த்தால் வேறுபாடு விளங்கும். அங்கே வாங்குகிறவர் ஆட்டின் பல்லைப் பார்த்து வயது அறிகிறார், முதுகைத் தடவி உடல்கட்டை அறிகிறார். ஆட்டை ஆடாகவே நடத்துகிறார்கள். கொல்லப்படுவதற்கு விற்கப்படுகிறது என்பதையும் யாரும் மறைப்பதில்லை. அது சரியா என்பது தனி விவாதம். மேடையிலோ உயிரைப் பொருளாக்கிவிடுகிறோம். இரட்டை அடிப்பெட்டிக்குள் மூச்சடக்கிக் கிடக்கும் புறாவின் துன்பம் மறைந்தால்தான் வித்தை வெல்லும். சித்தாந்தத்தில் பசு என்பது அறிவுடைய உயிரின் பெயர். அதை, உயிரைப் பிணைக்கும் அறிவற்ற பொருளாகிய பாசத்தின் பட்டியலில் சேர்ப்பதைவிடப் பெரிய திரிபுக்காட்சி ஏது? வித்தை காட்ட விலங்குகளைப் பயன்படுத்துவோர் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடைச் சட்டமும் சொல்கிறது. துணியில் தைத்த முயல் பெட்டியிலிருந்து தலை நீட்டினாலும் குழந்தைகள் அதே அளவு ஆரவாரம் செய்வார்கள்.

இவற்றையெல்லாம் கழித்தால் என்ன மிஞ்சும் என்ற கவலை வேண்டாம். கலையின் மிகப் பழைய பகுதியே மிஞ்சும். அறுத்தபின் ஒட்டிக்கொள்ளும் கயிறு, ஒன்றுக்குள் ஒன்று கோத்துக்கொள்ளும் இரும்பு வளையங்கள், நிறம் மாறும் பட்டுத்துணி, கிண்ணமும் பந்தும், கவிழ்த்தாலும் மீண்டும் மீண்டும் நீர் தரும் செம்பு. அந்தச் செம்பைச் சர்க்கார் தம் நிகழ்ச்சியின் அடையாளமாகவே ஆக்கிக்கொண்டார். உள்ளறையும் விரலால் மூடும் துளையும் காற்றழுத்தமும் சேர்ந்து அதை இயக்குகின்றன. பின்னாளில் இயற்பியல் வகுப்பில் அதே குழந்தை ‘அட, இதுதானா’ என்று சொல்லும் நாள் வரும். தொட்டவுடன் மடிந்துவிழும் மந்திரக்கோலும் சிறந்த சாமான். மேடைக்கு அழைத்த குழந்தையின் கையில் அதைக் கொடுத்தால் சிரிப்புக்கு ஆளாகிறவர் வித்தைக்காரரே. ‘அந்தப் பக்கக் கதவைத் திற’ என்று குழந்தைகளைக் கத்தவைக்கும் பகடைப்பெட்டி இன்னும் மேல். குழந்தைகள் ஊகிக்கிறார்கள், வாதிடுகிறார்கள், கடைசியில் ஊகம் தவறும்போது மீண்டும் யோசிக்கிறார்கள். தேராது தெளிதல் என்னும் குற்றத்துக்கு இதைவிட இனிய மருந்து இல்லை. இந்தப் பெட்டியிலும் ஓர் எச்சரிக்கை உண்டு: விழுங்கக்கூடிய சிறு பந்தும் வலுவான சிறு காந்தமும் குழந்தையின் கைக்கு எட்டக் கூடாது. விழுங்கிய காந்தங்கள் குடலில் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு உயிருக்கே உலை வைக்கும்.

குழந்தைகள் இவ்வளவு யோசிப்பதில்லை, சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள், பிழைப்புக்கு வந்த கலைஞரைத் தத்துவத்தால் நெருக்க வேண்டாம் என்பது கடைசி மறுப்பு. குழந்தை யோசிப்பதில்லை என்பதுதான் பெரியவர்கள் யோசிக்க வேண்டியதற்குக் காரணம். பிழைப்பும் இதனால் கெடாது. கயிறும் துணியும் செம்பும், வாள் செருகும் பெட்டியைவிட மலிவு, பேருந்திலும் எளிதாக ஏறும். கேட்க வேண்டியவர் கலைஞர் மட்டுமல்லர். விழாவுக்கு அவரை அழைக்கும் தலைமையாசிரியரும் கோயில் குழுவினரும் பெற்றோரும் கேட்க வேண்டும். முன்பணம் கொடுக்கும்போதே சாமான்களின் பட்டியலைக் கேளுங்கள். திருநீறு, ரத்தம், உயிர் இம்மூன்றில் எது அதில் இருந்தாலும் எடுத்துவிடச் சொல்லுங்கள். நிகழ்ச்சியைத் தொடங்கும்போது ‘இது தந்திரம், நான் பழகிக் கற்றது’ என்று ஒரு வாக்கியம் சொல்லவும் சொல்லுங்கள். அதைச் சொன்ன பிறகும் குழந்தைகளை வியக்கவைக்கிறவரே அந்த மேடைக்குத் தகுதியான கலைஞர்.